பெரிய வீடா, போதுமான வீடா?



நம் பங்குகளில் பல தெருக்களில் இன்று ஒரே நிலையைக் காண்கின்றோம். கீழும் மேலுமாக ஐந்து அறைகள் கொண்ட வீடு. அதில் குடியிருப்பவர்கள் இருவர். சில வீடுகளில் ஒருவர் மட்டுமே. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை செய்கிறார்கள். கிறிஸ்துமசுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் வந்து பத்து நாள் தங்குகிறார்கள். மீதி 355 நாள்களும் மாடி பூட்டியே கிடக்கிறது.

ஓய்வூதியம் போதவில்லை, மருந்துச் செலவு கூடுகிறது என்ற நிலை வரும்போது, "இந்த வீட்டை விற்றுவிட்டுச் சிறிய வீட்டுக்குப் போய்விடலாமா?" என்ற கேள்வி எழுகிறது. சிலர் அதை வாய்விட்டுச் சொல்லவே தயங்குகிறார்கள். கட்டிய வீட்டை விற்பது தோல்வி என்று ஊர் பேசுமோ என்ற அச்சம் அவர்களுக்கு. வேறு சிலரோ விற்றால் கைநிறையப் பணம் வரும் என்று அவசரப்படுகிறார்கள். இரண்டுமே சரியான தொடக்கம் அல்ல. கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று ஆண்டவர் சொன்ன உவமை நமக்குத் தெரியும். கட்டுவதற்கு மட்டுமல்ல, கட்டியதை விட்டுப் புறப்படுவதற்கும் அந்தக் கணக்கு தேவை.

வீடு நம்மிடம் வாங்கும் செலவு

சொந்த வீட்டில் வாடகை இல்லை. ஆகவே செலவும் இல்லை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மை அப்படியல்ல. சொத்து வரி, குடிநீர் வரி, மின்கட்டணம், நீர்மூழ்கி மோட்டார் பழுது, மொட்டை மாடி நீர்க்கசிவு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெள்ளையடிப்பு, வீட்டு வேலைக்கு வருபவரின் சம்பளம் என வீடு ஆண்டு முழுவதும் பணம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கடந்த மூன்று ஆண்டுகளில் வீட்டுக்காகச் செலவிட்டதை ஒரு நோட்டில் எழுதிக் கூட்டி, மூன்றால் வகுத்துப் பாருங்கள். அதுவே உங்கள் வீட்டின் உண்மையான ஆண்டு வாடகை.

வீடு பெரிதாக இருந்தால் சுமையும் பெரிதாகும். தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்த்தப்பட்டபோது, சென்னை தவிர்த்த பிற மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரையிலான குடியிருப்புகளுக்கு 25 விழுக்காடும், 1800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றிற்கு 100 விழுக்காடும் உயர்வு வந்தது. பூட்டிக் கிடக்கும் அறைக்கும் சேர்த்துத்தான் நாம் வரி கட்டுகின்றோம்.

விற்றால் கையில் எவ்வளவு நிற்கும்?

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். திருச்சியில் ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதியர் தங்கள் வீட்டை 1 கோடியே 20 லட்சம் ரூபாய்க்கு விற்று, 55 லட்சம் ரூபாய்க்கு 900 சதுர அடியில் ஏற்கெனவே ஒருவர் குடியிருந்த அடுக்குமாடி வீட்டை வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மேலோட்டமாகப் பார்த்தால் 65 லட்சம் மிச்சம். ஆனால் கணக்கு அங்கே முடிவதில்லை.

தமிழ்நாட்டில் பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரலில் 4 விழுக்காட்டிலிருந்து 2 ஆகக் குறைக்கப்பட்டது. ஆயினும் 7 விழுக்காடு முத்திரைத் தீர்வையோடு சேர்த்தால் கிரயப் பத்திரத்துக்கு 9 விழுக்காடு ஆகிறது. 55 லட்சத்துக்கு அது 4 லட்சத்து 95 ஆயிரம். விற்கும்போதும் வாங்கும்போதும் தரகருக்கு 1 விழுக்காடு வீதம் கொடுத்தால் 1 லட்சத்து 75 ஆயிரம். பொருள்களை ஏற்றிச் செல்வது, புது வீட்டில் அலமாரி, வண்ணம், பாத்ரூமில் கைப்பிடி என 3 லட்சத்து 30 ஆயிரம். ஆக 10 லட்சம் ரூபாய் கண்முன்னே கரைந்துவிடுகிறது. மீதம் 55 லட்சம்.

இந்த 55 லட்சம் என்ன தரும்? அஞ்சலகங்களிலும் வங்கிகளிலும் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் போடக்கூடிய உச்சவரம்பு 2023-இல் 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. அதன் வட்டி அவ்வாண்டு ஏப்ரலில் 8.2 விழுக்காடானது. அந்த விகிதத்தில் 30 லட்சத்துக்கு ஆண்டுக்கு 2 லட்சத்து 46 ஆயிரம் ரூபாய். மீதி 25 லட்சத்தை வங்கியில் 7 விழுக்காட்டில் போட்டால் 1 லட்சத்து 75 ஆயிரம். இரண்டும் சேர்த்து மாதத்துக்கு ஏறத்தாழ 35 ஆயிரம் ரூபாய் வரும். புதிய வீட்டின் பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு 3 ரூபாய் என்றால் மாதம் 2,700 ரூபாயை இதிலிருந்து கழிக்க வேண்டும்.

இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. விலைவாசி ஏற ஏற, இந்த வட்டியின் வாங்கும் திறன் குறைந்துகொண்டே போகும். தனி வீட்டில் உங்களுக்கு முழு நிலமும் இருந்தது. நிலத்தின் விலை பொதுவாக ஏறும். அடுக்குமாடியில் உங்களுக்குக் கிடைப்பது பிரிக்கப்படாத நிலப் பங்கு மட்டுமே. கட்டடத்தின் மதிப்போ ஆண்டுதோறும் தேயும். ஆகவே வாங்கும்போது சதுர அடியை மட்டும் கேட்காமல், பத்திரத்தில் நிலப் பங்கு எவ்வளவு என்றும் கேளுங்கள். சொல்லப்படும் பரப்பில் படிக்கட்டும் நடைபாதையும் எவ்வளவு சேர்ந்திருக்கின்றன என்றும் கேளுங்கள்.

வரியும் உண்டு, வழியும் உண்டு

இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்று வரும் ஆதாயம் நீண்டகால மூலதன ஆதாயம் எனப்படும். 2024 ஜூலை 23 முதல் இதற்கு வரி 12.5 விழுக்காடு. அந்த நாளுக்கு முன்பே வாங்கிய வீடாக இருந்தால், விலைவாசிக் குறியீட்டின்படி வாங்கிய விலையை உயர்த்திக் கணக்கிட்டு 20 விழுக்காடு கட்டும் பழைய முறையோடு ஒப்பிட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய சொத்தானால், அன்றைய நியாயமான சந்தை மதிப்பை வாங்கிய விலையாகக் கொள்ளவும் இடமுண்டு.

ஆதாயத்தைக் கொண்டு வேறொரு குடியிருப்பு வீட்டை, விற்ற நாளுக்கு ஓராண்டு முன்னரோ இரண்டு ஆண்டுகளுக்குள்ளோ வாங்கினால், அல்லது மூன்று ஆண்டுகளுக்குள் கட்டினால், அந்த அளவுக்கு வரிவிலக்கு கிடைக்கும். வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் பணத்தைச் செலவிட முடியாவிட்டால், வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டுவைக்க வேண்டும். அரசு அறிவித்துள்ள சில நிறுவனங்களின் பத்திரங்களில் ஆறு மாதத்துக்குள் 50 லட்சம் வரை முதலீடு செய்தும் விலக்குப் பெறலாம். ஆனால் அந்தப் பணத்தை ஐந்து ஆண்டுகளுக்குத் தொட முடியாது. முன்பணம் வாங்கிய பிறகு ஓடாமல், அதற்கு முன்பே ஒரு தணிக்கையாளரைப் பார்ப்பது நல்லது.

வீடு யாருடையது?

நம் குடும்பங்களில் பெரிய மனத்தாங்கல்கள் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகின்றன. கிறிஸ்தவர்களுக்குப் பொருந்துவது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். இதன்படி பிறப்பினாலேயே பிள்ளைகளுக்குப் பெற்றோரின் சொத்தில் பங்கு வந்துவிடுவதில்லை. தம் பெயரிலுள்ள வீட்டை உயிரோடிருக்கும் பெற்றோர் தம் விருப்பப்படி விற்கலாம். பிள்ளைகளின் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை. கலந்து பேசுவது அன்பின் கடமை. ஆனால் முடிவு பெற்றோருடையது.

வீடு தந்தையின் பெயரில் இருந்து, அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால் நிலைமை வேறு. மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும், மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகள் அனைவருக்கும் சமமாகவும் சேரும். மகன், மகள் என்ற வேறுபாடு இல்லை. பழைய திருவிதாங்கூர்ப் பகுதிக் கிறிஸ்தவர்களுக்கும் இச்சட்டமே பொருந்தும் என்று மேரி ராய் வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்பகுதியைச் சேர்ந்திருந்த கன்னியாகுமரி மாவட்டக் குடும்பங்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். "பெண் பிள்ளைக்கு நகை போட்டாயிற்று" என்ற பேச்சு அவள் கையெழுத்துக்கு ஈடாகாது. எனவே வாரிசுச் சான்றிதழ், பட்டா, வில்லங்கச் சான்றிதழ் ஆகியவற்றை விலை பேசுவதற்கு முன்பே எடுத்துவையுங்கள்.

இன்னோர் எச்சரிக்கை. "வீட்டை என் பெயருக்கு எழுதிவையுங்கள், என்னோடு வந்து இருங்கள்" என்று பிள்ளைகள் அழைக்கும்போது மனம் இளகுவது இயல்பு. ஆனால் விற்று வரும் பணமும் வாங்கும் வீடும் பெற்றோரின் பெயரிலேயே இருப்பதுதான் இரு தரப்பாரின் உறவுக்கும் பாதுகாப்பு. எழுதிக் கொடுக்கத்தான் வேண்டுமென்றால், தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது. அந்த நிபந்தனை மீறப்பட்டால், சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிட்டுப் பத்திரத்தை இரத்துச் செய்யக் கோரலாம்.

விற்காமலே ஒரு வழி உண்டா?

எல்லாரும் விற்றே ஆக வேண்டும் என்பதில்லை. மாடிக்குத் தனி வாசலும் தனி மின் இணைப்பும் அமைத்து வாடகைக்கு விட்டால், சொத்தும் நிற்கும், மாத வருவாயும் வரும், இரவில் துணைக்கு ஆளும் இருக்கும். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து பதிவு செய்ய வேண்டும் என்கிறது தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம்.

இன்னொரு வழி, 2007-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட தலைகீழ் அடமானக் கடன். 60 வயது நிரம்பியவர் தம் வீட்டை வங்கியில் அடமானம் வைத்து, மாதந்தோறும் பணம் பெறலாம். கணவன், மனைவி இருவரும் உயிரோடிருக்கும் வரை அதே வீட்டில் வாழலாம். தவணை கட்ட வேண்டியதில்லை. அவர்களுக்குப் பின் வாரிசுகள் கடனை அடைத்து வீட்டை மீட்கலாம். இல்லையேல் வங்கி விற்றுக் கடன்போக மீதியை அவர்களுக்குக் கொடுக்கும். வட்டி கட்டப்படாமல் அசலோடு சேர்ந்து வளரும் என்பதுதான் இதன் விலை. பிள்ளைகளுக்கு வீடு தேவையில்லை, பெற்றோருக்கோ அந்த வீட்டை விட்டுப் பிரிய மனமில்லை என்றால் இதையும் விசாரித்துப் பார்க்கலாம்.

நோட்டில் எழுத முடியாதவை

கூட்டல் கழித்தல் முடிந்த பிறகும் சில கேள்விகள் எஞ்சுகின்றன. புதிய வீட்டிலிருந்து கோவிலுக்கு நடந்து போக முடியுமா, ஆட்டோவை எதிர்பார்க்க வேண்டுமா? லிப்ட் நின்றுபோனால் மூன்றாம் மாடிக்கு மூட்டுவலியோடு ஏற முடியுமா? நள்ளிரவில் மூச்சுத் திணறினால் கதவைத் தட்டக்கூடிய பக்கத்து வீட்டார் இருப்பார்களா? நாற்பது ஆண்டுகள் ஒரே அன்பியத்தில் செபித்தவர்களுக்குப் புதிய பங்கில் முகம் பழகக் காலமாகும். சில ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தப் போய் மனிதர்களை இழந்துவிட்டால், அது சேமிப்பு ஆகாது. கூடுமானவரை அதே பங்கின் எல்லைக்குள், அதே கடைத்தெருவுக்கு அருகில் சிறிய வீடு தேடுவது இதனால்தான் நல்லது. இடம் மாறியே ஆக வேண்டுமென்றால், வாங்குவதற்கு முன் ஆறு மாதம் அந்தப் பகுதியில் வாடகைக்கு இருந்து பாருங்கள். அதுவரை பழைய வீட்டைப் பூட்டி வைத்திருந்தால், திரும்பி வரவும் வழி இருக்கும்.

பெரிய வீட்டில் தனியே இருப்பதிலும் இழப்பு உண்டு. படியில் வழுக்கி விழுந்தவரை மறுநாள் காலை பால்காரர்தான் கண்டார் என்ற செய்திகள் நமக்குப் புதியவை அல்ல. எல்லாம் ஒரே தளத்தில், கூப்பிடும் தூரத்தில் ஆள்கள் என்றிருக்கும் சிறிய வீடு சிலருக்குப் பணத்தைவிடப் பெரிய நிம்மதியைத் தரும்.

யார் முடிவெடுப்பது, எப்போது?

இத்தனையையும் பார்த்தபின் ஒன்று தெளிவாகிறது. வீட்டைச் சிறிதாக்குவதா வேண்டாமா என்பதைவிட, அந்த முடிவை நாம் எடுக்கிறோமா, நெருக்கடி எடுக்கிறதா என்பதே முக்கியம். நடக்கவும் கையெழுத்திடவும் தெம்பிருக்கும்போது, இருவரும் சேர்ந்திருக்கும்போது எடுத்த முடிவுக்கு நல்ல விலை கிடைக்கும். பிடித்த வீட்டைத் தேட அவகாசம் இருக்கும். மருத்துவமனைக் கட்டணத்துக்காக அவசரமாக விற்கும் வீட்டுக்கு, வாங்குபவர் சொல்வதுதான் விலை.

எனவே அடுத்த முறை பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது, ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்குங்கள். செலவு நோட்டையும் பத்திரங்களையும் மேசைமீது வையுங்கள். மகன்களோடு மகள்களையும் அமரச் செய்யுங்கள். அன்றே முடிவெடுக்க வேண்டியதில்லை. ஆனால் பெற்றோர் தங்கள் விருப்பம் என்ன என்பதை அன்று தங்கள் வாயாலேயே சொல்லட்டும், பிள்ளைகள் அதைக் கேட்கட்டும்.