அரை வரி

டிரேசி சாப்மனின் முதல் ஆல்பம் 1988-இல் வந்தது. ஒற்றைக் கிதாரோடு வறுமையையும் நிறவெறியையும் பாடிய கறுப்பினப் பெண் அவர். அந்த ஆல்பம் 2025 ஏப்ரலில் மறுபடியும் இசைத்தட்டாக வெளியானது. செய்தியைப் படித்த அன்றே பரணில் ஏறி ஒரு கேசட்டைத் தேடி எடுத்தேன். அவரைப்போலவே ஒடுக்கப்பட்டவர்களின் வலியைப் பாடிய கே.ஏ.குணசேகரனின் கேசட் அது.

எங்கள் திண்டுக்கல் பக்கம் அந்தக் காலத்தில் இசைத்தட்டு என்றால் ரேடியோ செட்காரரின் சொத்து. காதுகுத்து, சடங்கு வீடுகளில் வேப்பமரத்தில் குழாயைக் கட்டி ஓடவிடுவார். அதில் பெரும்பாலும் சினிமாவும் பக்தியும்தான். ஊர்ப்பாட்டுக்காரருக்குத் தட்டு எட்டாக்கனி. கேசட் வந்த பிறகுதான் வழி திறந்தது. இரண்டு டெக் இருந்தால் போதும், பிரதி எடுத்துவிடலாம்.

குணசேகரன் 1955-இல் சிவகங்கைச் சீமையின் மாரந்தையில் பிறந்தவர். புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்தார், 'வடு' என்று தன்வரலாறு எழுதினார். ஆனால் ஊர்களில் அவரைத் தெரிந்துகொண்டது பாட்டால்தான். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொடுமையை நினைத்து இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டை மேடை மேடையாகக் கொண்டுபோனது குணசேகரனின் குரல். அதில் கெஞ்சல் கிடையாது. திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுப் பெண்கள் பறையைத் தோளில் மாட்டி அடவு போடும்போதெல்லாம் எனக்கு அந்தக் குரல்தான் நினைவுக்கு வரும். எழுதியவர், பாடியவர் இருவருமே 2016-இல் போய்விட்டார்கள்.

பரணில் கிடைத்த கேசட்டில் நாடாவை அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சு உதிர்ந்திருந்தது. ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சை. இன்னொரு கேசட்டிலிருந்து பஞ்சை எடுத்து ஒட்டி, பென்சிலைச் செருகி மெதுவாகச் சுற்றி, ஓடவிட்டேன். பாட்டு தொடங்குவதற்கு ஒரு நொடி முன்பே அதே குரல் மிகச் சன்னமாக, எங்கோ தூரத்தில் பாடுவதுபோலக் கேட்டது. வருடக்கணக்கில் சுருண்டே கிடந்தால் நாடாவின் ஒரு சுற்றிலுள்ள காந்தப் பதிவு அடுத்த சுற்றிலும் படிந்துவிடும். அதன் எதிரொலி அது.

இந்தப் பாட்டுகள் தட்டாக வரவேண்டும் என்பது என் ஆசை. அழகுப் பொருளாக அலமாரியில் வைக்க அல்ல. தட்டுப் போடவேண்டுமானால் மூலநாடாவைத் தேடியாக வேண்டும், பூஞ்சை துடைத்தாக வேண்டும், பாடியவர், எழுதியவர், பறையடித்தவர் பெயர்களை உறையில் அச்சிட்டாக வேண்டும். அந்த வேலைக்காகவாவது வரட்டும்.

என் கேசட்டைக் கணினியில் ஏற்றிவிட்டேன். இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் நாடா கசங்கி அரை வரி போய்விட்டது. அதே கேசட் உங்கள் வீட்டுப் பரணிலும் இருக்கலாம், பாருங்கள்.