வீடு மாறினாலும் மாறாத விலாசம்

1995 ஐப்பசி 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டவர்களுக்கு அந்த இரவைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை. எனக்கு அப்போது வயது பதினான்கு. செம்மணி வெளியைக் கடந்து தென்மராட்சிக்கு வந்து, ஒரு கோவில் வளவில் கொட்டில் போட்டு இருந்தோம். ஜேர்மனியில் இருந்த மாமா எங்கள் பழைய வீட்டு விலாசத்துக்கே கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு வேறு விலாசம் தெரியாது. இரண்டு மாதங்களின் பின் அவற்றில் ஒன்று எங்கள் கைக்கு வந்து சேர்ந்தது. பிரித்தால் ஓர் உறைக்குள் இன்னோர் உறை. உள்ளே மாமாவின் உறை பிரிக்கப்படாமல், பழைய விலாசத்துடன் அப்படியே இருந்தது. வெளி உறையில் எங்கள் பங்குச் சுவாமியாரின் கையெழுத்தில் கொட்டில் இருந்த வளவின் பெயர்.

சுவாமியார் ஒரு கொப்பி வைத்திருந்தார். இடது பக்கம் ஊரில் இருந்த வீடு, வலது பக்கம் இப்போது இருக்கும் இடம். ஆட்கள் இடம் மாறினால் வலது பக்கத்தை மட்டும் வெட்டி எழுதுவார். இடது பக்கத்தைத் தொடமாட்டார்.

அண்மையில் எங்கள் நிலையத்துக்கு வரும் இளைஞர் ஒருவர், அமெச்சூர் வானொலிக்காரருக்கென்று இணையத்தில் தனி விலாசங்கள் இருக்கின்றனவாமே, அது எப்படி என்று கேட்டார். தேடி வாசித்தபோது எனக்கு அந்தக் கொப்பிதான் ஞாபகத்துக்கு வந்தது.

அமெச்சூர் வானொலிக்காரர் என்போர், தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சையில் சித்தியடைந்து, அனுமதிப்பத்திரம் பெற்று, தம் வீட்டில் சிறிய ஒலிபரப்பிக் கருவியை வைத்து ஒருவரோடொருவர் பேசுகிறவர்கள். இதில் பணம் சம்பாதிக்கக் கூடாது. ஒவ்வொருவருக்கும் அழைப்புக்குறி ஒன்று உண்டு. இலங்கையருடையது 4 என்ற இலக்கத்திலும் எஸ் என்ற எழுத்திலும் தொடங்கும். சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்ட எங்களுக்கு, பற்றரியே தடையாக இருந்த அந்தக் காலத்தில், ஒலிபரப்பி என்பது நினைத்தும் பார்க்கக்கூடிய பொருளல்ல. ஆனால் இதன் பயனை 2004 மார்கழி 26ஆம் திகதி இந்த நாடு கண்டது. அம்பாந்தோட்டையில் தொலைபேசிகள் செயலிழந்தபோது, விக்டர் குணதிலக்கவின் தலைமையில் இலங்கை வானொலிச் சங்கத்தினர் அங்கிருந்து கொழும்புக்குச் செய்தி எடுத்துக்கொடுத்தார்கள். அதே நாட்களில் அந்தமானின் போர்ட் பிளேயரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணி தம் கருவி முன் அமர்ந்து அதே பணியைச் செய்தார்.

பேச்சோடு நில்லாமல், எழுத்தைத் துண்டு துண்டாக வானொலியில் அனுப்பும் பரிசோதனையை 1978இல் கனடாவின் மொன்றியல் நகர அமெச்சூர்கள் தொடங்கினார்கள். ஒரு பக்கக் கடிதம் போய்ச் சேரப் பத்துப் பதினைந்து விநாடி பிடிக்கும். பிறகு பில் கார்ன் என்பவர் 1980களின் நடுப்பகுதியில் எழுதிய மென்பொருளால், இணையத்தில் கணனிகள் பேசும் அதே மொழியை வீட்டுச் சிறு கணனியும் வானொலிவழி பேசத் தொடங்கியது. பேச விலாசம் வேண்டுமல்லவா? அதற்கான காணி முன்னமே கிடைத்துவிட்டது.

இணைய விலாசம் என்பது புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு இலக்கங்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கலாம். 1981இல் ஹாங்க் மக்னஸ்கி என்ற அமெச்சூர் கேட்டதன் பேரில், 44 என்று தொடங்கும் விலாசங்கள் முழுவதும் உலக அமெச்சூர்களுக்கென ஒதுக்கப்பட்டன. மொத்தம் 1 கோடி 67 இலட்சத்து 77 ஆயிரத்து 216. முழு உலகின் விலாசங்களை 256 துண்டாக வெட்டினால் அதில் ஒரு முழுத் துண்டு. அன்று அதற்கு ஒரு சதமும் பெறுமதி இல்லை. ஊருக்கு வெளியே கிடக்கும் தரவை மாதிரி, கேட்டவருக்குக் கொடுத்தார்கள்.

அந்தத் தரவைக்குத் தோம்பு எழுதியவர் பிரையன் கான்டர். கலிபோர்ணியாவின் சான் டியேகோ நகரிலிருந்து பல ஆண்டுகள் அதைப் பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பங்கைப் பிரித்து, அங்கே சம்பளமில்லாத ஓர் இணைப்பாளரை வைத்தார்கள். கேட்பவரின் அழைப்புக்குறி உண்மையானதா என்று பார்த்து, பங்கிலிருந்து சிறு துண்டு ஒன்றை அளந்து, பெயரை எழுதிவிட்டுக் கொடுப்பது இணைப்பாளரின் வேலை. விதானையார் வேலைதான். ஒருவருக்குக் கொடுத்ததை மறந்து இன்னொருவருக்கும் கொடுத்தால் இருவருக்கும் கடிதம் ஒழுங்காகப் போகாது. வேலிச் சண்டை பார்த்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

இனித்தான் படலை. 44 என்று தொடங்கும் விலாசம் பெற்றவர் யாழ்ப்பாணத்திலும் இருக்கலாம், இத்தாலியிலும் இருக்கலாம். அவர் வீட்டுக்கு இணைப்புத் தருவது ஏதோ ஓர் உள்ளூர்க் கம்பனி. அந்தக் கம்பனிக்கு 44 என்றால் யாரென்று தெரியாது. ஆகவே வெளியுலகிலிருந்து 44க்கு வரும் கடிதமெல்லாம் முதலில் சான் டியேகோவில், கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஒரு கணனிக்குப் போகும். அதுதான் பெரிய படலை. அதனிடம் ஒரு பட்டியல் இருக்கும்: இடது பக்கம் 44இல் எந்தத் துண்டு, வலது பக்கம் அந்தத் துண்டுக்குரிய சின்னப் படலை இப்போது எந்த விலாசத்தில் இருக்கிறது. வந்த கடிதத்தைப் பிரிக்காமல் இன்னோர் உறைக்குள் இட்டு, வலது பக்க விலாசத்தை மேலே எழுதி அனுப்பிவிடும். சின்னப் படலை வெளி உறையைக் கிழித்து, உள்ளே இருப்பதை வானொலிவழி உரியவரிடம் சேர்க்கும். சுவாமியார் செய்ததற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒன்றை மட்டும் அவர் செய்யவில்லை: இங்கே அந்தப் பட்டியலைச் சின்னப் படலைகளுக்கும் சில நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பிவைக்கிறார்கள். அதனால் இரண்டு சின்னப் படலைகள் தமக்குள் பேச அமெரிக்காவைச் சுற்றி வரத் தேவையில்லை.

தவறுவது எங்கே? பெரும்பாலும் வலது பக்கத்தில். வீட்டு இணைப்புக்குக் கம்பனி தரும் விலாசம் அடிக்கடி மாறும். மாறியதைப் பட்டியலுக்கு அறிவிக்காவிட்டால், கடிதங்கள் நேற்று அந்த விலாசத்தில் இருந்தவரைத் தேடி இன்று வேறு யாருடைய வாசலுக்கோ போகும். அனுப்பியவருக்குத் திரும்பி ஒரு சொல்லும் வராது. இன்னொரு தடை, மறுமொழி அனுப்பும்போது வரும். 44 என்ற முகவரியோடு வெளியே போகும் கடிதத்தைச் சில கம்பனிகள் கள்ள விலாசம் என்று நினைத்து வாசலிலேயே மறித்துவிடும். அப்போது பதிலையும் உறைக்குள் உறையாகப் பெரிய படலைக்கு அனுப்பி, அங்கிருந்துதான் வெளியே விடவேண்டும்.

இப்படி ஒருவரும் கவனியாமல் கிடந்த தரவைக்கு ஒருநாள் விலை வந்தது. உலகின் பொதுக் கையிருப்பிலிருந்த விலாசங்கள் 2011 மாசியில் தீர்ந்தன. அதே ஆண்டில் 44ஐப் பராமரிக்க ஓர் இலாப நோக்கற்ற நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. 2019 ஆடியில், அந்நிறுவனம் காணியில் காற்பங்கை, ஏறத்தாழ 42 இலட்சம் விலாசங்களை, அமேசன் கம்பனிக்கு விற்றுவிட்ட செய்தி வெளிவந்தது. விலை 10 கோடி டொலருக்கும் மேல். விற்ற பின்னரே பெரும்பாலான அமெச்சூர்களுக்குத் தெரியும். அந்தப் பகுதியில் ஆட்கள் இல்லை என்பது நியாயமாகச் சொல்லப்பட்டது. ஆனால் அங்கே ஜேர்மன் அமெச்சூர்களுக்கு ஒதுக்கிய இலக்கங்கள் இருந்தன. மலை உச்சிகளை வானொலியால் தொடுத்து அவர்கள் கட்டிய வலையமைப்புக்கு, மீந்த பகுதியில் வேறு இலக்கங்கள் கொடுக்கப்பட்டன.

வெறுங்காணி என்ற சொல் எங்களுக்குப் பழக்கமானது. 2013 சித்திரையில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதாக ஒட்டிய அறிவித்தல்களில், உரிமையாளர்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தது. அவர்களில் பலர் சில மைல் தூரத்தில், மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் முகாம்களில் இருந்தார்கள். இரண்டும் ஒன்றென்று நான் சொல்லமாட்டேன். இலக்கத்தை மாற்றிக்கொண்டால் அமெச்சூரின் வேலை நடக்கும். செம்மண்ணை அப்படி மாற்ற முடியாது. விற்ற காசும் யாருடைய பொக்கற்றுக்குள்ளும் போகவில்லை. வானொலி ஆய்வுக்கும் கல்விக்கும் மானியமாகக் கொடுத்து வருகிறார்கள். ஆனாலும் பட்டியலில் பெயர் இருந்தவர்களைக் கேட்டுவிட்டு விற்றிருக்கலாம் என்பது என் எண்ணம். பிரையன் கான்டர் அதே ஆண்டு கார்த்திகையில் காலமானார்.

மீதி ஏறத்தாழ 1 கோடி 25 இலட்சம் விலாசங்கள் இன்னும் அமெச்சூர்களுடையவை. விலாசத்துக்குக் காசில்லை, அழைப்புக்குறி இருந்தால் போதும். கேள்வி கேட்ட இளைஞர் இப்போது பரீட்சைக்குப் படிக்கிறார். மின்னியல் பகுதி தனக்கு வரும், சட்டப் பகுதிதான் கடினம் என்கிறார். ஞாயிறு பின்னேரங்களில் நிலையத்து மண்டபத்தில் இன்னும் மூன்று பேர் அவரோடு இருந்து படிக்கிறார்கள். சேர விரும்பும் பிள்ளைகளை அனுப்பிவையுங்கள்.