மூன்று புள்ளி தேடும் விளையாட்டு

தமிழ் நெடுங்கணக்கில் எழுத்துகள் 247. அவற்றுள் உயிருமாகாது, மெய்யுமாகாது தனித்து நிற்பது ஆய்தம் ஒன்றே. அரிச்சுவடியில் குழந்தைகள் யாவரும் அதனைக் கற்கின்றனர். ஆயினும், "இவ்வெழுத்து வரும் சொற்கள் ஐந்து கூறு" என்று கேட்டால், எஃகு என்ற ஒன்றோடு பலரும் நின்றுவிடுவர்.

தேடுவதற்கு வழி உண்டு. ஆய்தத்தின் முன்னே குற்றெழுத்து நிற்க வேண்டும். பின்னே க, ச, ட, த, ப, ற என்னும் வல்லின வரிசைகளுள் ஓர் உயிர்மெய் வர வேண்டும். இவ்விதியைத் தொல்காப்பியமே வகுத்துள்ளது. பதினெட்டு வரிசைகளிலும் அலைய வேண்டிய தேடல், கவ்வாத்து வெட்டிய செடிபோல ஆறு வரிசைக்குள் அடங்கிவிடுகிறது.

இனிச் சொற்கள் தாமே வரும்: அஃது, இஃது, கஃசு, இருபஃது. சொற்கள் புணரும்போதும் ஆய்தம் பிறக்கும். அல் + திணை, அஃறிணை; பல் + தொடை, பஃறொடை; முள் + தீது, முஃடீது. திருக்குறளின் 18ஆம் அதிகாரம் வெஃகாமை. பிறர் பொருளை விரும்பாமை என்பது அதன் பொருள்.

கஃசு என்பது காற்பலம். ஒரு பலப் புழுதி காற்பலமாகும்படி உழுது உலர்த்தினால், ஒரு பிடி எருவும் வேண்டாது பயிர் செழிக்கும் என்று வள்ளுவர் உழவு அதிகாரத்தில் கூறுகிறார். மண்ணோடு வாழும் ஊவா மக்களுக்கு இதனினும் அண்மையான சொல் வேறு யாது?

அடுத்து, வேறொரு தேடல். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டு மெய்களும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாரா. பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலைக்குச் செல்லும் பாதையிலுள்ள லுணுகலையோ லகரத்தில் தொடங்குகிறது. சிங்களத்தில் லுணு என்றால் உப்பு. கல என்றால் கல். தோட்ட மக்கள் குடியிருக்கும் லயமும் ஆங்கிலத்திலிருந்து வந்ததே. ஆகவே, முதலெழுத்தைக் கண்டே, சொல் எங்கிருந்து வந்திருக்கலாம் என்று பிள்ளைகள் ஆராயலாம்.

இக்காலத்தில் ஆய்தம் பெரும்பாலும் பிறமொழி ஒலியைக் குறிக்கவே வழங்குகிறது. காஃபி என்று எழுதும்போது அதன் முன் நிற்பது நெட்டெழுத்து. பழைய விதி அங்கே பொருந்தாது. இலங்கைத் தமிழர் கோப்பி என்று வழங்குவதால் அத்தொல்லை இல்லை. ஆனால் அஃதும் இஃதும் வழக்கொழிந்தால், நம் எழுத்தொன்றை அயலெழுத்தென்றே நாளைய பிள்ளைகள் எண்ணக்கூடும்.

கைநாட்டு வைத்த பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகள் இன்று ஏட்டைக் கையில் எடுத்துள்ளனர். இவ்விளையாட்டிற்குக் காசு வேண்டுவதில்லை. பள்ளி சென்றறியாத தாயும், "முன்னே வருவது குறிலா, நெடிலா?" என்று செவியாலேயே தீர்ப்புக் கூறலாம். வேலை முடிந்து அடுப்பங்கரையில் கூடும் வேளையில் பிள்ளைகளிடம் ஓர் எழுத்தைக் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் சொற்களைக் கொண்டுவந்து சேர்ப்பர்.