நடனமும் சீவனோபாயமும்

“மகள் நடனத்தையே பட்டப்படிப்பாக எடுக்கலாமா, சேர்? பிழைப்புக்கு வழியுண்டா?” என்று பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு.

உண்டு. 1960இல் மருதனார்மடத்தில் இசைக் கல்லூரியாகத் தோன்றி, 1975இல் யாழ்ப்பாண வளாகத்தோடு இணைந்த இராமநாதன் நுண்கலைக்கழகத்தின் வழிவந்த பல்கலைக்கழகப் பீடத்தில் இன்று பரதத்திற் பட்டமே பெறலாம். அங்ஙனம் படித்தோரிற் பலர் ஆசிரியராகின்றனர். மேடையை மட்டும் நம்பி வாழ்வோர் மிகச் சிலரே.

ஆசிரியருக்கோ ஆடத் தெரிந்தால் மட்டும் போதாது. வகுப்பிலே தட்டுக்கழி, அரங்கிலே தாளம். சொற்கட்டைச் சொல்லியபடியே பிள்ளையின் கால் பிசகுவதைக் காதாற் கண்டுபிடிக்க வேண்டும். நட்டுவாங்கம் என்னும் இந்த வித்தை, முழங்கால் தளர்ந்த பின்னும் சோறு போடும்.

இன்னொன்று, தமிழாசிரியன் என்பதாற் சொல்கிறேன்: பதத்திலே தலைவி தோழியைச் சினந்து பேசுகிறாளா, சினப்பதுபோல ஏங்குகிறாளா என்பது முத்திரைப் பட்டியலில் இராது. அகத்திணை படித்தவளுக்கே அந்த வேறுபாடு பிடிபடும்.