வாசிப்பின் வழித்தடங்கள் – 9: வாளில்லாதவர்களின் ஜப்பான்

மலாயாவின் ரப்பர் வரலாற்றுக்கும் ஜப்பானின் சாமுராய் வரலாற்றுக்கும் பொதுவான ஆண்டு ஒன்று உண்டு, அது 1877. அவ்வாண்டில் சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர் கன்றுகளில் ஒன்பது கோலா கங்சாரில் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று முதுமரமாக இன்றும் அந்நகரில் பாதுகாக்கப்படுகிறது. அதே ஆண்டு செப்டம்பர் மாதத்தில், ஜப்பானின் நான்கு பெருந்தீவுகளில் தெற்கே உள்ள கியூஷுவில், வாள் தரிக்கும் உரிமையை முந்தைய ஆண்டின் அரசாணையால் இழந்திருந்த போர்வீரர்களைத் திரட்டிப் போரிட்ட சைகோ தகமோரி களத்தில் மாண்டார். சாமுராய் எனப்பட்ட பரம்பரைப் போர்வீரர் வகுப்பின் கடைசிப் பெருங்கிளர்ச்சி அவரோடு முடிந்தது.

கோலா கங்சாரில் வேரூன்றிய அந்தப் பால்மரம் சுங்கை சிப்புட், ஈப்போ வட்டாரங்களின் காடுகளைத் தோட்டங்களாக மாற்றி, அங்கே வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து தலைமுறை தலைமுறையாக மக்களைக் கப்பலேற்றியது. மலாயாவின் ரப்பரும் ஈயமும்தாம் 1941 டிசம்பரில் ஜப்பானியப் படையை இந்த மண்ணுக்கு இழுத்து வந்த காரணங்களுள் முதன்மையானவை. கிரிக் சாலை வழியாக இறங்கிய அப்படையின் ஒரு பிரிவு பேராக் ஆற்றை நெருங்கியபோது பிரிட்டிஷார் பின்வாங்கினர். அம்மாத இறுதிக்குள் ஈப்போவும் வீழ்ந்தது. ஆகவே, வாளேந்திய ஜப்பானைக் களமாகக் கொண்ட கதைகளை இவ்வட்டாரத் தமிழ் வாசகர் ஒருவர் கையில் எடுக்கும்போது, அவர் முற்றிலும் அயலான உலகம் ஒன்றுக்குள் நுழைவதாகக் கருத முடியாது.

சென்ற இதழில் கல்கி, சாண்டில்யன் ஆகியோரின் சரித்திர நாவல்கள் மலேசியத் தமிழ் வாசகர்களிடம் பெற்ற இடம் பேசப்பட்டது. இவ்விதழ் அவற்றுக்கு நெருங்கிய உறவுடைய இன்னொரு வகையை, அதாவது நிலவுடைமைக் கால ஜப்பானின் சாயலில் படைக்கப்பட்ட மிகுபுனைவு சாகச நாவல்களை எடுத்துக்கொள்கிறது.

கதைகளுக்கு அடியில் இருக்கும் வரலாறு

பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதி முதல் 1868 வரை ஜப்பானில் பேரரசர் பெயரளவில் மட்டுமே உயர்ந்தவராக இருந்தார். நாட்டை உண்மையில் நடத்தியவர் ஷோகன் எனப்பட்ட படைத்தலைவர். அவருக்குக் கீழே தத்தம் நிலப்பகுதியைக் கோட்டை கட்டி ஆண்ட பிரபுக்கள் டைமியோ எனப்பட்டனர். அப்பிரபுக்களுக்கு வாளால் ஊழியம் செய்தவர்கள் சாமுராய்கள். தலைவனை இழந்து அலைந்தவர்கள் ரோனின்கள். மறைந்து சென்று உளவறிவதையும் கொல்வதையும் தொழிலாகக் கொண்டவர்கள் நிஞ்சாக்கள். 1588 இல் தொயொதோமி ஹிதெயோஷி உழவர்களிடமிருந்து ஆயுதங்களைப் பறிமுதல் செய்ய ஆணையிட்டதோடு வாளுள்ளவர், வாளில்லாதவர் என்ற பிரிவு மேலும் இறுகியது. தோல் பதனிடுவோரும் பிணம் தொடர்பான வேலைகளைச் செய்வோரும் இவ்வரிசைகள் அனைத்துக்கும் வெளியே தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்டனர். அவர்களுக்குச் சட்டப்படியான சமத்துவம் 1871 இல்தான் அறிவிக்கப்பட்டது.

மிகுபுனைவு எழுத்தாளர்கள் இவ்வரலாற்றை அப்படியே எடுத்தாள்வதில்லை. கோட்டை, வாள், குலச்சின்னம், பணயக்கைதி, பழிவாங்கும் கடமை ஆகிய உறுப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, வரைபடத்தில் இல்லாத நாடொன்றை உருவாக்கி, மாய ஆற்றல்களையும் அதில் உலவ விடுகிறார்கள்.

மிகுபுனைவு அல்லாத ஒரு நாவல்தான் ஆங்கிலம் படிக்கும் உலகத்துக்கு இக்களத்தைப் பெருமளவில் திறந்துவிட்டது என்பதையும், அதன் ஆசிரியர் ஜப்பானியரின் போர்க்கைதியாக இருந்தவர் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1975 இல் 'ஷோகன்' நாவலை வெளியிட்ட ஜேம்ஸ் கிளாவெல், இரண்டாம் உலகப் போரின்போது ஜாவாவில் பிடிபட்டுச் சிங்கப்பூரின் சாங்கி சிறை முகாமில் அடைபட்டுக் கிடந்தவர். அந்தச் சிறை வாழ்வை 1962 இல் 'கிங் ராட்' என்னும் நாவலாக எழுதிய பின்னரே, தம்மைச் சிறைவைத்தவர்களின் முன்னோர் உலகைப் புரிந்துகொள்ளும் முயற்சியை அவர் மேற்கொண்டார்.

பறவைக் குரல் எழுப்பும் தரை

இவ்வகை நாவல்களுள் பரவலாக வாசிக்கப்படுவது லியன் ஹெர்ன் எழுதிய 'டேல்ஸ் ஆஃப் தி ஓட்டோரி' வரிசை. லியன் ஹெர்ன் என்பது இங்கிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய கில்லியன் ரூபின்ஸ்டைன் என்னும் எழுத்தாளரின் புனைபெயர். 'அக்ராஸ் தி நைட்டிங்கேல் ஃப்ளோர்' என்னும் முதல் நாவல் 2002 இலும், அடுத்த இரண்டும் 2003, 2004 ஆகிய ஆண்டுகளிலும் வெளிவந்தன. பின்னர் ஒரு தொடர்ச்சியும் ஒரு முன்கதையும் சேர்ந்து ஐந்து நூல்களாயின.

முதல் நாவலின் பெயருக்குக் காரணமான தரை கற்பனைப் பொருளன்று. கியோத்தோவில் உள்ள நிஜோ கோட்டையின் தாழ்வாரங்களில் பலகைகளுக்கு அடியில் பொருத்தப்பட்ட ஆணிகளும் இரும்புப் பற்றிகளும் காலடி பட்டதும் ஒன்றோடொன்று உரசி, பறவை கூவுவது போன்ற ஒலியை எழுப்புகின்றன. நள்ளிரவில் வரும் கொலையாளியைக் காட்டிக்கொடுக்கும் ஏற்பாடாக அது கதைகளில் வளர்ந்தது. கோலா கங்சார் வாசகர் இவ்விடத்தில் தம் ஊரின் இஸ்தானா கெனாங்கானை எண்ணிப் பார்க்கலாம். 1926 இல் எழுந்த அந்த மர அரண்மனை இரும்பு ஆணிகளே இல்லாமல் கட்டப்பட்டது என்றும், மேலிருந்து நோக்கினால் உறையிலிட்ட வாளின் வடிவம் கொண்டது என்றும் கூறப்படுகிறது. சுல்தானும் பிரபுக்களும் வரிசை முறைகளும் கொண்ட அரச நகரில் வளர்ந்த ஒருவருக்கு, கோட்டைக் கதைகளின் ஆசாரங்களும் பட்டங்களும் விளங்குவதற்கு நெடிய விளக்கம் தேவைப்படாது.

ஓட்டோரி கதையின் நாயகன் தக்கெயோ, 'மறைந்தோர்' எனப்படும் சிறு சமயக் குழுவின் மலைக்கிராமத்தில் வளர்ந்தவன். உயிர்க்கொலை கூடாது, கடவுளின் முன் அனைவரும் சமம் என்று நம்பும் அம்மக்களை இய்தா சதாமு என்னும் போர்ப்பிரபுவின் ஆட்கள் கொன்றழிக்கிறார்கள். தப்பியோடும் அவனை ஓட்டோரி ஷிகெரு என்னும் பிரபு காப்பாற்றித் தம் குலத்தில் சேர்த்துக்கொள்கிறார். 1614 இல் ஜப்பான் முழுவதும் தடைசெய்யப்பட்டு, இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக மறைவில் வழிபட்டுவந்த கிறிஸ்தவர்களின் வரலாறு இக்கற்பனைக்கு அடிப்படையாக இருப்பதை வாசகர் எளிதில் உணரலாம். தக்கெயோவுக்குத் தந்தை வழியில் வந்த ஆற்றல்களோ வேறு: தொலைவில் பேசுவதைக் கேட்கும் செவி, கண்ணிலிருந்து மறையும் வித்தை, தன்னைப் போன்ற இன்னோர் உருவைத் தோற்றுவிக்கும் திறன் ஆகிய மூன்றும் கொலையாளிகளின் கூட்டத்துக்கு உரியவை. கொல்லாமையில் வளர்ந்த மனமும் கொலைக்கென அமைந்த உடலும் ஒருவனிடமே சேர்ந்திருப்பதால், அவன் வாளை ஓங்கும் இடங்களில் எல்லாம் வாசகர் வெற்றியை மட்டும் எதிர்பார்த்திருக்க முடிவதில்லை.

இவ்வரிசையில் தமிழ் வாசகர் தவறவிடக்கூடாத பாத்திரம் ஜோ-ஆன். தோல் தொழில் செய்யும் ஒதுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த அவனும் அவன் மக்களும் மூன்றாம் நூலில் தக்கெயோவின் படை ஆற்றைக் கடக்கப் பாலம் அமைத்துத் தருகிறார்கள். படையின் உயிரைக் காக்கும் வேலையைச் செய்தவர்களோடு சமமாக நிற்பதற்குப் படைவீரர்கள் கூசும் நிலை, சாதியின் பெயரால் ஊருக்கு வெளியே வைக்கப்பட்டோரின் வழிவந்தவர்கள் பெருந்தொகையாகக் குடியேறிய தோட்டங்களில் நன்கு புரியக்கூடிய ஒன்று.

பிறப்பின் இரகசியம்

இவ்வகை நாவல்களின் ஈர்ப்பு தமிழ் வாசகருக்குப் பழகியதே. ஒற்றர்கள், சுரங்க வழிகள், குலப்பகை, பணயமாக வைக்கப்பட்ட இளவரசிகள், தலைவனுக்கும் மனச்சான்றுக்கும் இடையே தவிக்கும் வீரர்கள் ஆகிய அனைத்தும் பொன்னியின் செல்வன், கடல் புறா போன்ற நாவல்களிலும் வெவ்வேறு அளவில் உள்ளன. ஒற்றுமையைப் போலவே ஒரு குறையும் இரண்டுக்கும் பொதுவானது. பொன்னியின் செல்வனில் பூத்தொடுத்து வாழும் சேந்தன் அமுதன் இறுதியில் அரச வாரிசாக வெளிப்படுகிறான். மலைக்கிராமத்துத் தக்கெயோவும் ஓட்டோரி குலப் பிரபுவின் பேரன் என்று தெரியவருகிறது. எளியவனை நாயகனாக்கும் இக்கதைகள், அவன் எளியவனாகவே இருந்து சிறப்படைய இடம் தருவதில்லை. அவன் உடலில் ஓடும் இரத்தத்தைக் காட்டியே அவனுடைய உயர்வுக்கு நியாயம் கற்பிக்கின்றன.

இக்குறையைப் பெருமளவு கடந்த படைப்பு ஜப்பானியர் ஒருவரிடமிருந்தே வந்தது. பண்பாட்டு மானிடவியல் அறிஞரான நாஹோகோ உவேஹாஷி 1996 இல் வெளியிட்ட 'மொரிபித்தோ' நாவலின் நாயகி பல்சா, கூலிக்கு மெய்க்காவல் செய்து, ஈட்டியை நம்பி வாழும் முப்பது வயதுப் பெண். அவள் காப்பது ஓர் இளவரசனை. ஆனால் அவனைக் காக்கும் வழியோ அரண்மனையின் ஏடுகளில் இல்லை. அந்நிலத்தின் பூர்வகுடிகளான யாக்கூ மக்களின் மறந்துபோன கதைகளில்தான் அது கிடைக்கிறது. குடியேறி ஆண்டவர்கள் எழுதிவைத்த வரலாறு பூர்வகுடிகளின் நினைவை எவ்வாறு திரித்தது என்பதை நாவல் படிப்படியாக வெளிப்படுத்துகிறது. உவேஹாஷிக்கு 2014 இல் சிறார் இலக்கியத்தின் உயரிய உலக விருதான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது வழங்கப்பட்டது.

ஜப்பான்காரன் காலம்

சாமுராயின் அறம் என்று உலகம் இன்று அறிந்திருக்கும் புஷிடோ, அவ்வகுப்பு மறைந்த பின்னரே பெரும்புகழ் பெற்றது. இனாசோ நிதோபே அதைப் பற்றி 1900 இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூல் மேலைநாட்டாருக்காக ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. 1934 இல் ஜப்பானியத் தரைப்படை, ஐரோப்பிய வடிவிலான தன் அதிகாரிகளின் வாளைக் கைவிட்டுப் பழைய சாமுராய் வாளின் வடிவுக்கு மாறியது. ஏழாண்டுகள் கழித்துப் பேராக்கின் சாலைகளில் மக்கள் கண்டது அந்த வாளைத்தான். கோட்டைக் கதைகளின் வீரப் பொலிவை நவீன அரசு ஒன்று எடுத்துத் தன் ஆக்கிரமிப்புக்கு அணிகலனாக்கிக்கொண்டது.

மலேசியத் தமிழர் 'ஜப்பான்காரன் காலம்' என்று குறிப்பிடும் அந்த மூன்றரை ஆண்டுகளின் பெருந்துயரம் சயாம் மரண ரயில். சயாமையும் பர்மாவையும் இணைக்க 1942, 1943 ஆகிய ஆண்டுகளில் போடப்பட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் கொண்டுசெல்லப்பட்டனர். காலராவாலும் பசியாலும் அடியாலும் மாண்டவர்கள் பெயரில்லாமல் புதைந்தனர். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் அவர்களுக்கு எழுத்தில் இடம் தந்தன. அதே காலத்தில் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து, இந்திய விடுதலைக்காகத் துப்பாக்கி ஏந்திய தோட்டத்து இளைஞர்களும் இருந்தனர். அவர்களின் கதையை ரெங்கசாமி 'இமயத் தியாகம்' நாவலில் எழுதினார். எனவே ஜப்பானைப் பற்றிய தோட்டத்து நினைவு ஒற்றை நிறம் கொண்டதன்று.

இந்நினைவைக் காரணம் காட்டி இளம் வாசகரிடமிருந்து சாமுராய் கதைகளைப் பறிப்பது தவறு; நினைவே இல்லாமல் அவற்றை வாசிக்க விடுவது அதனினும் பெரிய தவறு. ஓட்டோரி, மொரிபித்தோ போன்ற நல்ல படைப்புகள் வாளின் அழகைக் காட்டுவதோடு நிற்காமல், அதன் அடியில் வாழ்ந்தவர்களையும் காட்டுகின்றன. வாசகர் அவர்களின் பக்கம் நின்று படித்தால், சாகசத்தின் இன்பம் சிறிதும் குறையாமல் அதிகாரத்தின் இயல்பும் விளங்கும். பேராக்கின் பள்ளி நூலகங்களிலும் தமிழ் இல்லங்களிலும் ஓட்டோரி வரிசை வைக்கப்படும் அலமாரியில் 'சயாம் மரண ரயி'லும் 'நினைவுச் சின்ன'மும் சேர்த்து வைக்கப்பட வேண்டும். ஆசிரியர்களும் பெற்றோரும் ஒன்றைப் படித்து முடித்த பிள்ளையின் கையில் மற்றொன்றைக் கொடுக்க வேண்டும்.