வாஸ்டாக்கில் குளிர்காலம்

அண்டார்டிகாவின் உட்பகுதியில், கடல் மட்டத்திற்கு மேல் 3,488 மீட்டர் உயரத்தில் வாஸ்டாக் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஸோவியத் விஞ்ஞானிகள் 1957இல் இதனை நிறுவினர். காலடியில் மூன்றரைக் கிலோமீட்டருக்கும் மிகுந்த கனமுள்ள பனிக்கட்டி. குடிநீர் வேண்டுமாயின் பனியை வெட்டிக் கொணர்ந்து உருக்க வேண்டும். காற்றழுத்தம் குறைவாதலால் நீர் 100 பாகையை எட்டுமுன்னரே கொதித்துவிடும். ஆகையால் சமையலும் எளிதன்று. புதிதாக வந்தவர் சிறிது நடப்பதற்குள் மூச்சுத் திணறுவர்.

கோடை முடிந்து விமானம் திரும்பிவிட்டால், பல மாதங்களுக்கு வெளியுதவி கிடையாது. 1982 ஏப்ரல் 12ஆம் நாள் இந்நிலையத்தின் மின்சாரக் கூடம் தீப்பற்றி எரிந்தது. ஒருவர் உயிர் துறந்தார். எஞ்சிய 20 பேருக்கு வெளிச்சமும் இல்லை, வெப்பமும் இல்லை. குளிரோ இனித்தான் முற்ற வேண்டும். அவர்கள் டீஸல் எண்ணெய் எரியும் அடுப்புகளைத் தாங்களே செய்துகொண்டு, நெருங்கி வாழ்ந்து, நீண்ட துருவ இரவைக் கடந்தனர். ஆராய்ச்சிப் பணியையும் முற்றிலும் கைவிடவில்லை என்பதே வியப்பு!

மறு ஆண்டு ஜூலை 21ஆம் நாள் இதே இடத்தில் உஷ்ணமானி பூஜ்யத்திற்குக் கீழே 89.2 பாகை ஸெண்டிகிரேட் காட்டியது. பூமியின் மீதுள்ள நிலையங்களில் நேரடியாக அளக்கப்பட்ட மிகக் குறைந்த உஷ்ணநிலை இதுவே. துளையிட்டு எடுத்த பனித் தண்டுகளில் சிறைப்பட்டிருந்த காற்றுக் குமிழிகள், 4,20,000 ஆண்டுகளில் கரியமில வாயு ஏறி இறங்கிய வரலாற்றை 1999இல் உலகுக்கு அறிவித்தன.