தளர்ந்த காலுக்கும் வலு வரும்

“வயதாகிவிட்டது. இனி அப்படித்தான் இருக்கும்.”

முதியவருக்கு நடை தளர்ந்தால் வீட்டில் இப்படிச் சொல்கிறார்கள். முதியவரும் தமக்குத் தாமே இப்படிச் சொல்லிக்கொள்கிறார். பிறகு ஒவ்வொரு வேலையாக அவர் கையை விட்டுப் போகிறது. குடம் தூக்க வேண்டாம் என்கிறார்கள். கடைக்குப் போக வேண்டாம் என்கிறார்கள். கடைசியில் கட்டிலை விட்டு எழவே வேண்டாம் என்கிறார்கள்.

இதையெல்லாம் அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் இது சரிதானா? எல்லாத் தளர்ச்சிக்கும் வயதுதான் காரணமா? வந்த தளர்ச்சி போகவே போகாதா?

இந்தக் கேள்விகளை டாக்டர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் கண்ட விடை நம்பிக்கை தருகிறது.

தளர்ச்சி என்றால் என்ன?

எழுபது வயதுள்ள இருவர் இருக்கிறார்கள். ஒருவர் தினமும் வயலுக்குப் போய் வருகிறார். மற்றவர் திண்ணையிலிருந்து எழவே தடுமாறுகிறார். இருவருக்கும் வயது ஒன்றுதான். உடலின் நிலைதான் வேறு.

இருவருக்கும் காய்ச்சல் வருகிறது. முதலாமவர் சில நாளில் எழுந்து நடமாடுகிறார். இரண்டாமவர் படுத்த படுக்கையாகிறார். பழைய நிலைக்குத் திரும்ப அவருக்கு மாதக் கணக்கில் ஆகிறது. சிலர் பழைய நிலைக்குத் திரும்புவதே இல்லை.

ஏன் இந்த வேறுபாடு? வீட்டில் கொஞ்சம் சேமிப்பு இருந்தால் திடீர்ச் செலவைச் சமாளிக்கலாம். சேமிப்பு கரைந்துவிட்டால் சிறு செலவும் குடும்பத்தைச் சாய்த்துவிடும். உடலும் அப்படித்தான். உடலின் சேமிப்பு கரைந்துபோன நிலையைத்தான் டாக்டர்கள் தளர்ச்சி என்கிறார்கள்.

ஐந்து அடையாளங்கள்

தளர்ச்சியை எப்படிக் கண்டுகொள்வது? 2001ஆம் ஆண்டு அமெரிக்காவில் டாக்டர் லிண்டா ஃபிரீட் என்பவரும் அவருடன் பணி செய்தவர்களும் ஒரு வழி சொன்னார்கள். 65 வயதும் அதற்கு மேலும் ஆன 5,317 ஆண்களையும் பெண்களையும் பற்றிய விவரங்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். ஐந்து அடையாளங்களைக் குறித்தார்கள்.

1. எடை குறைதல். உணவைக் குறைக்க வேண்டும் என்று நினைக்காமலே ஓர் ஆண்டில் நாலரை கிலோ அல்லது அதற்கு மேல் குறைவது.

2. அசதி. எதைச் செய்தாலும் பெரிய பாரமாகத் தோன்றுவது. வாரத்தில் பல நாள் இப்படி இருப்பது.

3. பிடி தளர்தல். கைப்பிடியின் வலுவை அளக்க ஒரு சிறு கருவி உண்டு. அதை இறுக்கிப் பிடித்தால் முள் நகர்ந்து வலுவைக் காட்டும்.

4. நடை மெதுவாதல். 15 அடி தூரம் நடக்கச் சொல்லி எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார்கள்.

5. நடமாட்டம் குறைதல். நடப்பதும் வேலை செய்வதும் மிகவும் குறைந்துபோவது.

இவற்றில் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் அது தளர்ச்சி. ஒன்றோ இரண்டோ இருந்தால் தளர்ச்சியின் வாசலில் நிற்கிறார் என்று பொருள்.

அந்த ஆராய்ச்சியில் 100 பேருக்கு 7 பேர் தளர்ச்சி உடையவர்களாக இருந்தார்கள். அடுத்த மூன்று ஆண்டுகளில் அவர்களில் 100க்கு 18 பேர் இறந்துபோனார்கள். எந்த அடையாளமும் இல்லாதவர்களில் 100க்கு 3 பேர்தான் இறந்தார்கள். தளர்ந்தவர்கள் அதிகமாகக் கீழே விழுந்தார்கள். அதிகமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். ஆகவே தளர்ச்சியைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது.

இன்னொரு செய்தியும் தெரிந்தது. வயது கூடக் கூடத் தளர்ச்சியும் கூடியது. ஆனால் எல்லா முதியவரும் தளர்ந்துவிடவில்லை. 80 வயதைத் தாண்டியவர்களிலும் பெரும்பாலோர் தளர்ச்சி உடையவர்களாக இல்லை. அப்படியானால் வயதை மட்டும் குறை சொல்ல முடியாது.

நம் நாட்டிலும் இந்த அக்கறை வளர்ந்து வருகிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 10 கோடிக்கும் அதிகம். 2017–18இல் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 45 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களும் அவர்களின் துணைவர்களுமாக 72,000க்கும் அதிகமானவர்களை அதில் சந்தித்தார்கள். கைப்பிடியின் வலுவையும் நடையின் வேகத்தையும் அளந்தார்கள்.

படுத்தே கிடந்தால் என்ன ஆகும்?

2007ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி இதைக் காட்டியது. அதில் கலந்துகொண்ட முதியவர்களுக்கு நோய் இல்லை. அவர்களை 10 நாள் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். பத்தே நாளில் அவர்கள் கால்களில் ஏறத்தாழ 1 கிலோ தசை கரைந்துவிட்டது. கால் வலுவும் குறைந்தது.

நோய் இல்லாதவர்களுக்கே இப்படி என்றால், நோயோடு படுத்திருப்பவர் நிலை என்ன? காய்ச்சல் விட்ட பிறகும் “படுத்தே இரு” என்று சொல்வது முதியவருக்கு நன்மை ஆகாது. ஓய்வு தேவைதான். ஆனால் ஓய்வும் அளவோடு இருக்க வேண்டும்.

90 வயதில் எடை தூக்கியவர்கள்

கரைந்த தசை மீண்டும் வளருமா? மிகவும் முதியவர்களின் தசை வளராது என்றுதான் பலரும் நினைத்தார்கள். டாக்டர் மரியா ஃபியாட்டரோன் அதைச் சோதித்துப் பார்த்தார்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் இல்லம். அங்கே இருந்த 10 பேர் சோதனைக்கு முன்வந்தார்கள். அவர்களுக்கு 86 முதல் 96 வயது வரை ஆகியிருந்தது. பலருக்கும் பல நோய்கள் இருந்தன. அவர்களை உட்காரவைத்து, எடை கட்டிய கருவியைக் காலால் தூக்கச் சொன்னார்கள். முதலில் குறைந்த எடை கொடுத்தார்கள். பிறகு எடையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். பக்கத்தில் பயிற்சியாளர்கள் இருந்து கவனித்தார்கள்.

பயிற்சி எட்டு வாரம் நடந்தது. ஒன்பது பேர் அதை முடித்தார்கள். முடிவு 1990ஆம் ஆண்டு வெளியானது. அவர்களின் கால் வலு சராசரியாக இரண்டரை மடங்குக்கும் மேல் ஆகியிருந்தது. முன்பு 10 கிலோ தூக்கிய கால் இப்போது 27 கிலோ தூக்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். தொடைத் தசையும் 100க்கு 9 பங்கு பெருத்திருந்தது. அதுவரை கைத்தடி ஊன்றி நடந்த இருவர் தடியை விட்டுவிட்டார்கள்.

பயிற்சியை நிறுத்திய பிறகும் அவர்களைக் கவனித்தார்கள். நான்கே வாரத்தில் கால் வலு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. எந்த வயதிலும் வலு வரும். ஆனால் விட்டுவிட்டால் போய்விடும்.

சத்துணவு மட்டும் போதுமா?

பத்துப் பேரை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே அதே டாக்டர் 100 முதியவர்களை வைத்து மீண்டும் ஆராய்ந்தார். அவர்களின் சராசரி வயது 87. அவர்களைக் குலுக்கல் முறையில் நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். குலுக்கிப் பிரித்தால்தான் நல்ல உடல்நிலை உள்ளவர்கள் எல்லாரும் ஒரே பிரிவில் சேரமாட்டார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதும் நியாயமாக இருக்கும்.

முதல் பிரிவுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். இரண்டாம் பிரிவுக்குச் சத்துப் பானம் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு இரண்டும் கொடுத்தார்கள். நான்காம் பிரிவுக்கு இரண்டும் இல்லை. பத்து வாரம் இப்படி நடந்தது.

1994ஆம் ஆண்டு முடிவு வெளியானது. பயிற்சி செய்தவர்களின் தசை வலு இரண்டு மடங்குக்கும் மேல் ஆனது. அவர்கள் வேகமாக நடந்தார்கள். படி ஏறும் திறனும் கூடியது. சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களின் தளர்ச்சி குறையவில்லை.

உணவு வேண்டாம் என்று இதற்குப் பொருள் அல்ல. பட்டினி கிடக்கும் உடலில் தசை வளராது. ஆனால் செங்கல்லை மட்டும் குவித்து வைத்தால் வீடு எழும்பாது. கட்டுகிற வேலையும் நடக்க வேண்டும். உணவுதான் செங்கல். கட்டுகிற வேலை பயிற்சி.

நடை காத்தவர்கள்

2014ஆம் ஆண்டு அமெரிக்காவில் இன்னும் பெரிய ஆராய்ச்சியின் முடிவு வெளியானது. அதில் 1,635 பேர் இருந்தார்கள். வயது 70 முதல் 89 வரை. எல்லாரும் தளர்ச்சிக்கு அருகில் இருந்தவர்கள். ஆனால் 400 மீட்டர் நடக்கக்கூடியவர்கள்.

ஒரு பிரிவினர் நடைப் பயிற்சியும் கால் வலுவுக்கான பயிற்சியும் செய்தார்கள். மற்றப் பிரிவினர் உடல்நலம் பற்றிய வகுப்புகளுக்கு வந்தார்கள். சுமார் இரண்டரை ஆண்டுகள் அவர்களைக் கவனித்தார்கள். அந்தக் காலத்தில் வகுப்புக்கு வந்தவர்களில் 100க்கு 35, 36 பேர் 400 மீட்டர் நடக்கும் திறனை இழந்தார்கள். பயிற்சி செய்தவர்களில் 100க்கு 30 பேர் இழந்தார்கள்.

வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். பயிற்சி எல்லாரையும் காத்துவிடவில்லை. ஆனால் 100 பேரில் 5 பேர் தாமாகவே கடைக்கும் கோயிலுக்கும் போய் வருவது சிறிய செய்தியா? பிறர் தோளைப் பிடிக்காமல் நடப்பது ஒருவருக்கு எவ்வளவு பெரிய மதிப்பு!

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். எடை தானாகக் குறைந்தால் அதற்குக் காரணம் இருக்கும். காசநோய், சர்க்கரை நோய், தைராய்டு கோளாறு, புற்றுநோய் இவற்றாலும் எடை குறையும். இரத்தசோகை அசதியைத் தரும். மனச்சோர்வும் தனிமையும் பசியைக் கெடுக்கும். பல் இல்லாததால் சரியாகச் சாப்பிடாதவர்களும் உண்டு. சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் டாக்டரிடம் காட்ட வேண்டும். சில மாத்திரைகள் தலைசுற்றலைத் தரும்.

டாக்டர் சரி என்றால் எளிய பயிற்சியைத் தொடங்கலாம். உறுதியான நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட வேண்டும். அதிலிருந்து எழுந்து நிற்க வேண்டும். மெதுவாக உட்கார வேண்டும். முதலில் கையை ஊன்றிக்கொள்ளலாம். ஐந்து முறை செய்தால் போதும். நாள் போகப் போகக் கூட்டலாம். ஆரம்பத்தில் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். தினமும் கொஞ்சம் நடக்கவும் வேண்டும். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

உணவில் பருப்பு, பயறு, கடலை, பால், தயிர் இருக்க வேண்டும். முட்டையும் மீனும் சாப்பிடுகிறவர்கள் அவற்றையும் சேர்க்கலாம். தசை வளர உதவும் புரதச் சத்து இவற்றில் உண்டு. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டு உண்ண வேண்டும்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் பொறுப்பு உண்டு. பல வீடுகளில் பாட்டி கடைசியில்தான் சாப்பிடுகிறார். மிஞ்சிய சோறும் ரசமும்தான் அவருக்குக் கிடைக்கின்றன. அவர் தட்டிலும் பருப்பும் முட்டையும் விழ வேண்டும். முதியவர் செய்யக்கூடிய வேலையை அவரிடமிருந்து பிடுங்கக் கூடாது. செடிக்குத் தண்ணீர் ஊற்றட்டும். பேரனைப் பள்ளிக்கு அழைத்துப் போகட்டும். வழுக்கும் தரையைச் சரி செய்து, இருட்டான இடத்தில் விளக்குப் போட்டுக் கொடுத்தால் அவர் பயமின்றி நடப்பார்.

முதுமையைத் தடுக்க முடியாது. தளர்ச்சியைத் தள்ளிப்போட முடியும். பல சமயம் குறைக்கவும் முடியும். முதியவரைக் கட்டிலில் படுக்கவைப்பது மட்டும் அன்பு ஆகாது. கை கொடுத்து எழுப்பி நடக்கவைப்பதும் அன்புதான்.